பத்தாவது தாள்

பாதியாகக் கிழித்த ஒரு வெள்ளைத் தாள். அதில் பச்சை மையில் பதினொரு எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. அவசர மருத்துவத் துறையில் மூன்றாம் ஆண்டு மேற்படிப்பில் இருந்த அந்த டாக்டரம்மா ஒரு புதன்கிழமை பிற்பகல் 2.50க்கு அதை என் மேசைமேல் வைத்தபோது, எண்களுக்கு முன்னால் என் கண்ணில் பட்டது மையின் நிறம்தான். எங்கள் மருத்துவமனையில் பச்சை மை துறைத் தலைவர்களுக்கு மட்டும் என்பது எழுதப்படாத ஏற்பாடு. மாணவி ஒருவர் அதில் எழுதலாமா என்று கேட்டேன். "கைக்குக் கிடைச்ச பேனா சார். யாரோ டியூட்டி ரூம்ல விட்டுட்டுப் போயிருந்தாங்க," என்றார். யாருடைய பேனா என்றே தெரியாமல் எடுத்து எழுதுகிறவர் என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன். தாளின் கீழே அவருடைய பேராசிரியரின் கையெழுத்து இருந்ததால் கோப்புகளை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையே வயல்களின் நடுவில் எழும்பிய மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றில் நான் ரெக்கார்டு செக்‌ஷன் பொறுப்பாளராக இருந்தேன். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி நாட்களிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் எந்த ஏரி எப்போது உடைந்தது, எந்த பஸ் எப்போது நின்றுபோனது என்பதெல்லாம் என்னிடம் கிழமையோடும் மணியோடும் இருக்கும். இந்தக் குறிப்பில் மட்டும் தேதிகளை விட்டுவிட்டுக் கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நோயாளி கட்டிலில் இருக்கும்வரை கோப்பு டாக்டருடையது. அவர் வீட்டுக்கோ இடுகாட்டுக்கோ போன பிறகு அது என் பொறுப்பு. அப்படி முடிந்துபோன கோப்பைத் தேடி ஒருவர் வருகிறார் என்றால் அதற்குள் அவருக்கு ஏதோ வேலை இருக்கிறது என்பது என் அனுபவம். காப்பீட்டுக்காரர்கள் வருவார்கள், கோர்ட்டிலிருந்து ஆள் வரும், கட்டுரை எழுதும் அறுவை மருத்துவர்கள் வருவார்கள். இவர்களையெல்லாம் எனக்குப் புரியும். அவசர மருத்துவத் துறைக்காரர்களைத்தான் புரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கேஷுவாலிட்டி என்று ஒரு அறை இருந்தது, அன்றைய முறைப்படி எந்தத் துறை ஜூனியர் அகப்பட்டாரோ அவர் அங்கே உட்கார்ந்திருப்பார். பிறகுதான் அவசர மருத்துவம் என்று தனியாக மூன்றாண்டுப் படிப்பு வந்தது, தனிப் பேராசிரியர் வந்தார், மாணவர்கள் வந்தார்கள். ஆனால் அவர்களுக்கென்று ஒரு வார்டு கிடையாது. கரியமாணிக்கத்தில் பாம்பு கடித்தவரோ கடலூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவரோ வந்தால், மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் நிலைநிறுத்தி, என்னவாக இருக்கும் என்று ஒரு முடிவுக்கு வந்து, மேலே இதயப் பிரிவுக்கோ எலும்புப் பிரிவுக்கோ அனுப்பிவிடுவார்கள். அல்லது வீட்டுக்கு. இரண்டு மணி நேரம் பார்த்த ஆளின் கோப்பு இரண்டு வாரம் கழித்து எதற்கு?

கேட்டேவிட்டேன். "அப்புறம் அவங்களுக்கு இன்னாச்சுன்னு தெரியணும்ல சார்," என்றார். வெளியூர்ப் பெண், இரண்டு வருடத்தில் எங்கள் 'இன்னா' அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. "எங்ககிட்டேர்ந்து மேல போனதும் எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் நெஞ்சுல பிரச்சனைன்னு நினைச்சது கடைசியில வயித்துல இருந்திருக்கும். அது இங்க வந்து பார்த்தாத்தான் தெரியும். இல்லன்னா அதே தப்பை அடுத்த ஆளுக்கும் பண்ணுவேன்." படிப்பின் ஒரு பகுதியாகவே பேராசிரியர் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறாராம். அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். நம்பவில்லை.

சட்டைப் பையில் வைக்கும் சிறிய குறிப்பேட்டில் அவருக்கென்று சில பக்கங்களை ஒதுக்கினேன். என்ன எண், எத்தனை மணிக்கு எடுத்தார், எத்தனை மணிக்குத் திருப்பினார். நான்காவது புதன்கிழமை அந்தப் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தபோது, அவர் கேட்டவற்றில் பாதிக்கு மேல் இறந்தவர்களின் கோப்புகள். குணமாகிப் போனவர்கள் அந்த மருத்துவமனையில் ஏராளம், அவர்களிடம் இவருக்கு அக்கறை இல்லை. இவர் தேடுவது வேறு ஏதோ என்று தோன்றியது.

போதாக்குறைக்கு அந்தச் சனிக்கிழமைக் கூட்டம். என் அறையை ஒட்டியிருந்த சிறு அரங்கில் அந்தத் துறையினர் காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பத்து மணிக்குத் திறக்கும்போது சிலர் முகம் வெளுத்திருக்கும். வருகைப் பதிவு கிடையாது, நடவடிக்கைக் குறிப்பு கிடையாது. உள்ளே டீ கொண்டுபோகும் அட்டெண்டரைப் பிடித்து விசாரித்தேன். கரியமாணிக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் அதிகம்.

"இன்னா பண்றாங்க? ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு, நான் இந்த எடத்துல தப்பு பண்ணிட்டேன்னு சொல்றாங்க சார். மத்தவங்க கேள்வி கேக்கறாங்க. போலீஸ் டேசன்ல முட்டிக்கு முட்டி தட்னாக்கூட எவனும் இப்டி ஒத்துக்க மாட்டான்."

தப்பை ஒத்துக்கொள்ள ஒரு கூட்டம், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. தப்பு வெளியே தெரியக் கூடாது என்பதற்குத்தானே கதவு என்று எனக்குத் தோன்றியது.

அவர்கள் பழகும் விதமே எனக்கு ஒவ்வவில்லை. எல்லாவற்றுக்கும் ஒத்திகை. ஒருநாள் பழைய சீட்டுகளை எடுக்க வெளிநோயாளிப் பிரிவுக்குப் போனபோது, காலியாகக் கிடந்த அறையில் அதே அட்டெண்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாருங்க," என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். பேராசிரியர் ஓரமாக நின்று, சொன்ன பிறகு சும்மா இருக்க வேண்டும், நம் மனபாரத்தைக் குறைப்பதற்காகப் பேசிக்கொண்டே போகக் கூடாது என்று திருத்தினார். மறுபடியும் முதலிலிருந்து. வெளியே வந்த அட்டெண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு மட்டும் நாலு தடவ என் தாலிய அறுத்துட்டாங்க சார்," என்றார். நான் சிரித்தேன். ஆனால் துக்கம் சொல்வதற்கும் ஒத்திகை பார்க்கிறவர்கள் உண்மையில் வருந்துகிறார்களா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி கூடவே வந்தது.

இன்னொரு முறை என்னையே இழுத்துவிட்டார்கள். பஸ் கவிழ்ந்து பலர் அடிபட்டு வந்தால் என்ன செய்வது என்று ஒரு பயிற்சி. அடிபட்டவர்களாக நடிக்க அலுவலக ஆட்கள். என் கழுத்தில் மாட்டிய அட்டையில் 'கால் முறிவு, பலமாகக் கத்தவும்' என்று இருந்தது. வாகன நிறுத்தத்தில் படுத்துக்கொண்டு, எடுத்த காரியத்தை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதால், தொண்டை கிழியக் கத்தினேன். டாக்டரம்மா வந்து மணிக்கட்டைப் பிடித்தார், பெயர் கேட்டார், கால் விரலை அசைக்கச் சொன்னார், காத்திருக்கலாம் என்பதற்கான ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். என் கடிகாரப்படி இருபத்தைந்து வினாடி. நான் இன்னும் கத்திக்கொண்டிருக்கும்போதே, பைக்குகளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் கிடந்த அட்டெண்டரிடம் போய் மண்டியிட்டு, முதலில் கவனிக்க வேண்டியவருக்கான சிவப்புப் பட்டை கட்டி, இரண்டு பேரைக் கூப்பிட்டார். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, சத்தம் வராத மூலையைத் தேடிப் போக வேண்டும் என்று பேராசிரியர் பிறகு எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டினார். அட்டெண்டர் அங்கே ஒளிந்திருப்பது இவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் என் குறிப்பேட்டில் எழுதினேன்.

இந்தச் சந்தேகங்கள் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்ய வைத்தன. அவசரப் பிரிவில் ஒருவர் படுத்திருக்கும்போது அவருடைய பழைய கோப்பு தேவைப்பட்டால், எண்ணைத் துண்டுத் தாளில் எழுதி ஆளை அனுப்புவார்கள். நாங்கள் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டு, பேராசிரியரின் கையெழுத்தைச் சாயங்காலம் வாங்கிக்கொள்வோம். பல வருடமாக இருந்த நடைமுறை அது. அச்சிட்ட விதியில் கையெழுத்து முதலில், கோப்பு பிறகு. ஒரு திங்கட்கிழமை காலை நான் நடைமுறையை நிறுத்தி விதிக்குத் திரும்பினேன். கையெழுத்து இல்லாத சீட்டு யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பப்படும் என்று எழுதி ஜன்னலில் ஒட்டினேன். யாருக்காக ஒட்டினேன் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் என் மச்சான் இறந்தார்.

தங்கையின் கணவர். எங்களுக்குள் இரண்டு பேருமே ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். தவளக்குப்பம் சந்திப்பில் மோட்டார் பம்பும் பைப்பும் விற்கும் கடை வைத்திருந்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர், எங்கள் மருத்துவமனை என்றால் மட்டும் கிண்டல். இரண்டு வருடத்துக்கு முன்னால் குடலிறக்க அறுவைக்கு நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். "உங்க புள்ளைங்க குத்திக் குத்திப் பழகறதுக்கு என் கைதான் கெடச்சிதா மச்சான்? ஊருல வேற கையே இல்லியா?" என்று டிஸ்சார்ஜ் ஆகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை கடையில் இருந்தபோது நெஞ்சை அடைத்திருக்கிறது. சோடா குடித்துப் பார்த்திருக்கிறார். தங்கையிடம் சரக்கு எடுக்கப் போவதாகப் போனில் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்திருக்கிறார். மூன்று தளம் மேலே நான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குச் சொல்லவில்லை. டாக்டரம்மாதான் பார்த்தார். ஈசிஜி எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், வலி குறைந்தது. மதியம் 12.30க்கு வெளியே வந்து கடைக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை, குளித்துவிட்டு ஜும்மா தொழுகைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் 11.45க்கு அலமாரிக் கதவைப் பிடித்தபடியே சரிந்தார். எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று மாலையே அடக்கம் செய்தோம்.

தங்கை இத்தாவில் உட்கார்ந்தாள். கணவரை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். உடன்பிறந்தவன் என்பதால் நான் போய்ப் பார்க்கலாம். போன முதல் நாளே கேட்டாள்.

"உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாராமே அண்ணே. சட்டப் பையில சீட்டு இருந்திச்சி. ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்களா?"

"விசாரிக்கிறேன்மா."

"விசாரிக்கிறதா? அங்கேயே தான உக்காந்துகினு இருக்க? யாரு அனுப்புனதுன்னு சொல்லு. நான் வேற ஒண்ணும் கேக்கல. இன்னும் ரெண்டு மணி நேரம் வெச்சிருந்தா இருந்திருப்பாரான்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்."

திங்கட்கிழமை அவருடைய கோப்பு என் அறைக்கு வந்தது. வியாழக்கிழமைத் தாள்களும் வெள்ளிக்கிழமைத் தாள்களும் சேர்த்து ஒன்பது. எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு: சொந்தக்காரர்களின் கோப்பை ஊழியர் படிக்கக் கூடாது. முப்பது வருடத்தில் நான் அதை மீறியதில்லை. அன்றும் மீறவில்லை. ஓரத்தைப் புரட்டி எண்ணி, அட்டையின் பின்பக்கம் பென்சிலால் 9 என்று எழுதி அடுக்கில் வைத்தேன். தாள்களை எண்ணுவது எங்கள் வேலை, அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது எங்களுக்கு வேண்டாத விஷயம் என்றே அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

புதன்கிழமை 2.50. டாக்டரம்மா கொண்டுவந்த சீட்டில் மூன்றாவதாக மச்சானின் எண். முறையான கையெழுத்தோடு. அதே எண்ணில் இருந்த இரண்டு வருடப் பழைய கோப்பையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் வாங்கிக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போனார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திருப்பித் தந்தபோது புதிய கோப்பின் ஓரத்தைப் புரட்டினேன். பத்து.

மறுபடி எண்ணினேன். பத்துதான். இத்தனை வாரமாக எதற்குக் காத்திருந்தேனோ அது கையில் வந்துவிட்டது என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது, துக்கம் பிறகுதான் வந்தது. பத்தாவது தாளை நான் பார்க்கவில்லை. பார்த்தால் நாளைக்கு நானே வைத்தேன் என்பார்கள். அட்டெண்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, அவர் எதிரில் கோப்பைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்திட்டேன். அன்று மாலையே மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குப் புகார். இறந்தவரின் கோப்பில், இறப்புக்குப் பிறகு, தன் தவறை மறைக்கும் நோக்கத்தோடு தாள் சேர்க்கப்பட்டுள்ளது. இறந்தவர் எனக்கு மச்சான் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். தங்கையிடம் போய், "ஆள் அகப்பட்டுட்டாம்மா," என்றேன்.

விசாரணை முடியும்வரை டாக்டரம்மா நோயாளிகளைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை கண்காணிப்பாளர் அறையில் கூடினோம். அவர் எல்லோர் முன்னாலும் கவரைக் கிழித்து, கடைசித் தாளை எடுத்து வாசித்தார். ஆங்கிலத்தில் இருந்தது. நான் நினைவில் வைத்திருப்பதைத் தமிழில் தருகிறேன்.

'தாமதமாக எழுதப்படும் குறிப்பு. புதன்கிழமை, பிற்பகல் 3.10. இந்த நோயாளியை ஒரே ஒரு ஈசிஜியை நம்பி வீட்டுக்கு அனுப்பியவள் நான். தனியாகப் பார்க்கையில் அது இயல்பாகத் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஈசிஜி அவருடைய பழைய கோப்பில் இருந்தது. 11.20க்கு அதைக் கேட்டு ஆள் அனுப்பினேன். கோப்பு வரவில்லை. அவர் கிளம்ப அவசரப்பட்டார். சற்று நேரம் வைத்திருந்து இரண்டாவது ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும். மறுநாள் வந்து செய்துகொள்கிறேன் என்று அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். இது என் தவறு.' கீழே கையெழுத்து.

பேராசிரியர் பேசினார். பிறகு சேர்க்க வேண்டியது இருந்தால் பழைய வரிகளுக்கு நடுவில் நுழைக்கக் கூடாது, தனித் தாளில் அன்றைய கிழமை, மணி போட்டு எழுத வேண்டும் என்பதே அவர்கள் கற்றுக்கொடுப்பது. சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்தப் பெண்ணே இதைத் தன் தவறாக எழுந்து சொன்னதாகவும் தெரிவித்தார். "மறைக்கணும்னு நினைக்கிறவங்க தாளைச் சேர்க்க மாட்டாங்க சார். எடுத்துருவாங்க," என்றார். என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார்.

நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. 11.20 என்ற மணி என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. குறிப்பேட்டை மேசைக்கு அடியில் பிரித்தேன். வியாழன், 11.25. அவசரப் பிரிவு ஆள். கையெழுத்து இல்லை. திருப்பி அனுப்பப்பட்டது. பக்கத்தில் கோப்பு எண். அட்டையிலிருந்த எண்ணோடு ஒத்துப்பார்க்கத் தேவையே இல்லை, அதற்குள் அது எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அது எனக்கு வெறும் எண். "ஆளு கீழ படுத்துகினு இருக்காரு சார், கையெழுத்து சாயங்காலம் வாங்கியாந்து தரேன்," என்று அட்டெண்டர் கெஞ்சியதும், நான் ஜன்னலில் ஒட்டியிருந்த தாளை விரலால் காட்டியதும் நினைவுக்கு வந்தன.

"பழைய ஃபைல் ஏன் வரலை?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

டாக்டரம்மா மேசையைப் பார்த்தபடி, "வரலை சார். நான் காத்திருக்கலை," என்றார்.

குறிப்பேடு மறுபடியும் பைக்குள் போனது. கோப்பில் முறைகேடு எதுவும் நடக்கவில்லை, ஆனால் மாணவியே எழுத்தில் ஒப்புக்கொண்டபடி கவனக்குறைவு உண்டு என்று முடிவு செய்து, அவருடைய படிப்பை ஆறு மாதம் நீட்டினார்கள். அவர்களுடைய கூட்டத்தில் பாடமாக முடிந்திருக்க வேண்டிய ஒன்றை என் புகார்தான் தண்டனையாக்கியது.

இரண்டு நாள் கழித்து அவரைத் தேடிப் போனேன். மூச்சு நின்றவரின் தொண்டைக்குள் குழாய் செலுத்திப் பழகுவதற்கு ஒரு ரப்பர் பொம்மை வைத்திருக்கும் அறை உண்டு. நோயாளிகளைத் தொட முடியாத அந்த வாரங்களில் அவர் அங்கேதான் இருந்தாராம். செருகுவதும் எடுப்பதுமாக இருந்தவரிடம், பழைய ஈசிஜி அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். கையுறையைக் கழற்றினார். ஒரு முக்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சிருக்கும் சார். ரெண்டையும் பக்கத்துல வெச்சா மாற்றம் தெரியுது. உள்ள சேர்த்திருப்பேன். பிழைச்சிருப்பாரான்னு என்னால சொல்ல முடியாது."

அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. வெகுநேரம் கழித்து நான்தான் கேட்டேன், விசாரணையில் என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று.

"ஃபைல் வரலன்னா ஆளை விடாம வெச்சிருக்கணும். அது என் வேலை, அதை எழுதினேன். உங்க வேலையைப் பத்தி நான் எப்படி சார் எழுதறது?" என்றார். பிறகு, "அவர் உங்களுக்கு மச்சான்னு அன்னிக்கே சொன்னார். உங்ககிட்ட சொல்லிட்டா சேதி வூட்டுக்குப் போயிடும், வேணாம்னு கேட்டுக்கிட்டார். நோயாளி வேணாம்னா நாங்க சொல்லக் கூடாது."

ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தால் நானே கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் இப்போது வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவை நடத்துகிறார் என்று கேள்வி. அங்கேயும் ரெக்கார்டு செக்‌ஷனுக்குப் போய் உட்காருவாராக இருக்கும். அன்று என்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டது இரக்கமா, இல்லை இதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்று தெரிந்தே விட்டாரா என்று இன்றும் சில நாள் எனக்குச் சந்தேகம் வருகிறது. வந்தவுடன் என் மேலேயே கோபமும் வருகிறது.

இத்தா முடிந்த மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். அத்தனை மாதமும் அவளைப் பொறுத்தவரை பழி முழுவதும் டாக்டரம்மா மேல்தான் இருந்தது. எந்தத் திங்கட்கிழமை விதியை மாற்றினேன், வியாழக்கிழமை எத்தனை மணிக்கு யார் வந்தார், சீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மணியெல்லாம் எதுக்குண்ணே? நீ குடுத்தியா, குடுக்கலியா?"

"குடுக்கல."

அவள் அழவில்லை. தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அந்தப் பொண்ணு மேல எழுதிக் குடுத்தியே, அதே மாதிரி இதையும் எழுதி அங்க குடு. குடுத்துட்டு அப்பால வா இந்த வூட்டுக்கு."

எழுத நான்கு நாள் ஆயிற்று. கண்காணிப்பாளர் வாங்கி வைத்துக்கொண்டார். டாக்டரம்மாவின் ஆறு மாதம் அதனால் குறையவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஜன்னலில் ஒட்டியிருந்ததை நானே கிழித்தேன். நான் எழுதிக் கொடுத்ததன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை தவளக்குப்பம் போனேன். தங்கை கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை, தாளுக்காகக் கையை நீட்டினாள். நான் படியில் நின்றிருந்தேன். அவள் நிலைப்படியில் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை படித்தாள். திரும்ப மேலே போய் இன்னொரு முறை படித்தாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள்.